பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் வெளியாள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஒரு தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் ஓ.எல். வரைக்கும் வரலாறு படித்த பிள்ளை ஒருவர் இப்போது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட் என்ற ஊரில் இருக்கிறார். போன கிழமை ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவரோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பறவை வேட்டைக்கென்று துவக்கோடும் நாயோடும் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாராம். ஊரை ஒட்டி ஓடுகிற ரெட் ஆற்றின் பாலத்தைத் தாண்டினால் வடக்கு டகோட்டா மாநிலம். அங்கே பெசன்ட் வேட்டைப் பருவம் தொடங்கும் முதல் ஏழு நாட்களும், மாநில வேட்டை, மீன்பிடித் திணைக்களத்தின் நிலங்களில் வெளிமாநிலத்தவர் வேட்டையாட முடியாது. திணைக்களம் தனியாருக்குப் பணம் கொடுத்துப் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் காணிகளுக்கும் அதே விதிதான். இதைச் சரியாகப் பார்க்காமல் மனிதர் போயிருக்கிறார்.

பிள்ளை கேட்ட கேள்வி இதுதான்: “சேர், ஒரே நாடுதானே? ஒரே பாஸ்போர்ட்தானே? பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் ஊர்க்காரன், அந்தப் பக்கம் போனால் வெளியாளா? இது எப்படிச் சட்டமாச்சு?”

ஒரு குரல் பதிவில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தேடி வாசிக்க வாசிக்க, இருநூறு வருடக் கதை ஒன்று அதற்குள் இருப்பது தெரிந்தது. அந்தக் கதை எனக்கும் கொஞ்சம் சொந்தமானது. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் காட்டு விலங்கும் பறவையும் அரசனுக்கும் நிலப்பிரபுவுக்கும் உரியவையாக இருந்தன. ஏழை ஒருவன் ஒரு முயலைப் பிடித்தாலும் திருடன்தான். அமெரிக்கா சுதந்திரம் பெற்றதும் அந்த இடத்தில் ஒரு புதுக் கேள்வி வந்தது. அரசன் போய்விட்டான், இனி இந்தப் பறவையும் மீனும் யாருடையவை? “மக்கள் எல்லோருக்கும் பொது, மக்கள் சார்பில் மாநிலம் பராமரிக்கும்” என்று நீதிமன்றங்கள் பதில் சொல்லின. நல்ல பதில். ஆனால் எந்த மக்கள்? நாட்டு மக்களா, அந்த மாநிலத்து மக்கள் மட்டுமா?

முதல் சண்டை பறவையால் வரவில்லை, சிப்பியால் வந்தது. தன் கடலில் வெளிமாநிலத்தவர் சிப்பி அள்ளக் கூடாது என்று நியூ ஜேர்சி சட்டம் போட்டிருந்தது. 1823இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி புஷ்ரொட் வொஷிங்டன், முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டனின் சகோதரர் மகன்தான், சட்டம் செல்லும் என்றார். ஒரு நாட்டுக் குடிமகனுக்கு எந்த மாநிலத்திலும் அடிப்படை உரிமைகள் உண்டு, ஆனால் இன்னொரு மாநிலத்தின் பொதுச் சொத்தில் பங்கு கேட்பது அந்த உரிமைகளில் சேராது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம்.

பிறகு ரயில் வந்தது. பறவைகளின் விதி அதோடு மாறியது. புல்வெளிகளில் சுட்ட தாராவும் காட்டுக்கோழியும் பனிக்கட்டியில் வைத்துக் கட்டப்பட்டு, சிக்காகோவுக்கும் நியூயோர்க்குக்கும் சந்தைக்குப் போயின. சுடுபவர் ஓர் ஊரில், தின்பவர் வேறோர் ஊரில், பறவை மட்டும் இரண்டு ஊரிலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வானத்தை மறைத்துக் கூட்டம் கூட்டமாய்ப் பறந்த பயணிப் புறாவின் கடைசி உயிர் 1914 செப்டெம்பர் 1ஆம் திகதி சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் அடங்கியது.

இந்த அழிவைப் பார்த்துத்தான் மாநிலங்கள் கதவை இறுக்கின. தன் மண்ணில் கொன்ற வேட்டைப் பறவையை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கனெக்டிகட் தடை போட்டது. அது சரியே என்று 1896 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் சொன்னது. காட்டுப் பறவை மாநில மக்களின் பொதுச் சொத்து என்பதுதான் காரணம். ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கடத்துவது 1900இல் மத்திய அரசின் சட்டப்படியும் குற்றமானது.

இதுவரைக்கும் வாசித்தால், கதை நல்லவர் பக்கம் நிற்பது போலத் தெரியும். பறவையைக் காப்பாற்ற ஊர்க்காரன் கதவைச் சாத்தினான், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அதே 1896ஆம் ஆண்டு, மே மாதம், அதே உயர் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பையும் கொடுத்தது. இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, எட்வர்ட் வைட். பன்னொக் என்ற பூர்வீகக் குடியைச் சேர்ந்த ஒருவர் வயோமிங்கில் எல்க் மான் வேட்டையாடியதற்காகப் பிடிபட்டிருந்தார். ஆளில்லாத அரச நிலங்களில் வேட்டையாடும் உரிமை அவருடைய மக்களுக்கு உண்டென்று 1868இல் அமெரிக்க அரசே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1890இல் வயோமிங் ஒரு மாநிலம் ஆகிவிட்டது, அதோடு அந்த ஒப்பந்த உரிமை முடிந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூற்றாண்டுகளாய் அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் சட்டத்தை மீறியவர்கள். ஆறு வருடத்துக்கு முன் உருவான மாநிலம் காட்டுக்குச் சொந்தக்காரன். ‘ஊர்க்காரன்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிற பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம். இந்தப் பிழையைத் திருத்த நூறு வருடத்துக்கும் மேல் எடுத்தது. குரோ இனத்தவர் ஒருவரின் வழக்கில், மாநிலம் உருவானதால் மட்டும் ஒப்பந்த உரிமை அழிந்துவிடாது என்று 2019இல்தான் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

சரி, பறவைக்கு வருவோம். எல்க் மானாவது ஒரு மலையில் நிற்கும். தாரா அப்படியல்ல. கனடாவில் பொரித்து, டகோட்டாவில் இறங்கி மேய்ந்து, லூசியானாவில் குளிர்காலம் கழிக்கும். அதற்கு எந்த மாநிலம் சொந்தக்காரன்? 1916இல் அமெரிக்காவும், கனடாவுக்காக பிரித்தானியாவும் வலசைப் பறவைகளுக்காக உடன்படிக்கை செய்தன. 1918இல் அது சட்டமானது. மிசூரி மாநிலம், “பறவை எங்களுடையது, மத்திய அரசு தலையிட முடியாது” என்று வழக்குப் போட்டுத் தோற்றது. நேற்று வந்து நாளைக்குப் போகப்போகும் பறவையை என்னுடையது என்று ஒரு மாநிலம் உரிமை கொண்டாடுவது பலமில்லாத வாதம் என்ற கருத்தில் 1920இல் தீர்ப்பு வந்தது.

அடுத்தது பணம். 1930களில் வரட்சி வந்து சதுப்பு நிலங்கள் காய்ந்தன, தாராக்கள் குறைந்தன. 1934இல் ஒரு சட்டம் வந்தது: தாரா வேட்டையாடுபவர் ஒவ்வொருவரும் வருடா வருடம் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அன்றைக்கு விலை 1 டொலர், இன்றைக்கு 25 டொலர். 1958இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் காசில் டகோட்டா, மினசோட்டா புல்வெளிகளின் சிறு சிறு நீர்நிலைகளை மத்திய அரசு வாங்கத் தொடங்கியது. பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுப்போன குழிகள் அவை. வட அமெரிக்கத் தாராக்களில் பாதிக்கு மேல் அந்தப் பிரதேசத்தில்தான் பொரிக்கின்றன.

வெளிமாநில வேட்டைக்காரனின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. “நான் ஜோர்ஜியாவில் இருந்து வாங்கிய முத்திரையும் சேர்ந்துதான் உன் ஊர்ச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றியது. இப்போது என்னை வாசலில் நிறுத்துகிறாயே?”

ஊர்க்காரனின் நியாயமும் சின்னதல்ல. அந்தக் கடுங்குளிரில் வருடம் முழுக்க இருப்பவன் அவன். வரி கட்டுபவன் அவன். பெரிய சம்பளம் கிடைக்காத ஊரில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலையில் பொதுக் குளத்துக்குப் போவதுதான் அவனுடைய சந்தோஷம். போனால் அங்கே ஏற்கனவே பத்து வாகனம், பத்தும் வெளிமாநில இலக்கம். பக்கத்துக் காணிகளையோ வசதியுள்ள வெளியார் குத்தகைக்கு எடுத்துப் பூட்டிவிட்டார்கள். அவனுக்கு வேறு எங்கே இடம்? ஆனால் அதே ஊரில் தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து வாகனமும் வந்தால்தான் அடுப்பு எரியும். ஊருக்குள்ளேயே ஒரே குரல் இல்லை.

எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி. தெற்கு டகோட்டா 1947இல் வெளிமாநிலத்தவருக்கு நீர்ப்பறவை வேட்டையையே தடை செய்து, இருபது வருடத்துக்கும் மேல் அப்படியே வைத்திருந்தது. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, எண்ணிக்கை குறித்த அனுமதிப்பத்திரங்களைக் குலுக்கலில் கொடுக்கத் தொடங்கியது. பெசன்ட் வேட்டையில் பருவத்துக்கு முந்திய மூன்று நாட்களைப் பொது நிலங்களில் ஊர்க்காரருக்கு மட்டும் ஒதுக்கியது. வடக்கு டகோட்டா, வெளியாருக்கு நீர்ப்பறவை வேட்டை 14 நாள், அதை இரண்டு ஏழாகப் பிரித்தும் எடுக்கலாம் என்றது. கன்சாஸ் 2024 பருவத்தில் இருந்து, தன் திணைக்களத்தின் பொது நிலங்களில் வெளிமாநிலத்தவருக்கு நீர்ப்பறவை வேட்டை ஞாயிறு, திங்கள், செவ்வாய் மட்டும் என்று வைத்தது. மொன்டானா விலையால் தடுத்தது. 1976இல் ஊர்க்காரருக்கு 30 டொலராக இருந்த கூட்டு அனுமதிப்பத்திரம் வெளியாருக்கு 225 டொலர்.

ஆசிரியர் புத்தி, இதை ஒரு அட்டவணையாகவே மனதில் போட்டுப் பார்த்தேன். விலையால் தடுத்தால் பணக்கார வெளியாள் வருவான், ஏழை வெளியாள் நிற்பான். குலுக்கலால் தடுத்தால் இருவருக்கும் ஒரே வாய்ப்பு. நாளால் தடுத்தால், வார நாளில் லீவு எடுக்கக் கூடியவன் வருவான், கூலிக்காரன் வர மாட்டான். முதல் வாரத்தை மட்டும் ஒதுக்கினால், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைக்கும், மற்றவருக்கும் பருவம் மிச்சமிருக்கும். எல்லாமே கட்டுப்பாடுதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு ஆளை உள்ளே விட்டு வேறொரு ஆளை வெளியே நிறுத்துகிறது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? இதில் ஒரு கோடு இருக்கிறது, நம்முடைய மீனவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1948இல் ஒரு வழக்கு: தெற்கு கரோலினா தன் கடலில் இறால் பிடிக்க ஊர்ப் படகுக்கு 25 டொலரும் வெளிமாநிலப் படகுக்கு 2,500 டொலரும் கேட்டது. உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அது மனிதனின் பிழைப்பு. 1978இல் மொன்டானாவின் 225 டொலர் வழக்கு வந்தபோது அதே நீதிமன்றம், செல்லும் என்றது. அது பொழுதுபோக்கு. வயிற்றுக்காக வருபவனை அந்நியன் என்று தடுக்க முடியாது, விளையாட்டுக்காக வருபவனை வரிசையில் நிற்கச் சொல்லலாம் என்பதே அந்தக் கோடு.

அடுத்த வருடமே, 1979இல், காட்டு உயிர் மாநிலத்தின் சொத்து என்ற 1896ஆம் ஆண்டுக் கருத்தையே உயர் நீதிமன்றம் கைவிட்டது. இனிக் கதவு திறந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். 2002இல் அரிசோனா வெளியாருக்கு வைத்திருந்த பத்து வீத உச்சவரம்பு ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டது. மாநிலங்கள் பதறின. 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஊர்க்காரருக்கும் வெளியாருக்கும் வேறு வேறு வேட்டை விதி வைக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உறுதி செய்தது.

எங்கள் பிள்ளையின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் வருகிறது. அவர் இருக்கும் மினசோட்டா மாநிலமே வடக்கு டகோட்டாவுக்கு எதிராக, இதே முதல் வார விதி உள்ளிட்ட வேட்டைக் கட்டுப்பாடுகளைக் கேள்வி கேட்டு 2004இல் வழக்குப் போட்டது. ஆற்றுக்கு இரண்டு பக்கத்து அயலவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2006இல் மேன்முறையீட்டிலும் மினசோட்டா தோற்றது. ஆக மகனே, இப்படித்தான் சட்டமாச்சு.

ஆனால் சட்டம் ஆனதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. இதை வாசித்தபோது என்னை நிறுத்திய எண்கள் இரண்டு. 1971-72 பருவத்தில் விற்ற தாரா முத்திரைகள் 24 இலட்சம். இந்தக் காலத்தில் விற்பது ஏறக்குறைய 15 இலட்சம். அதாவது வேட்டைக்காரர் குறைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் நெரிசல் எப்படிக் கூடியது?

நிலம் சுருங்கியது. சதுப்புக் குழிகளில் வடிகால் வெட்டிப் பயிர் வைத்தார்கள். உழாமல் புல்லாக விட்டால் விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டத்தில் 2007இல் 36 மில்லியன் ஏக்கருக்கும் மேல் இருந்தது. சோள விலை ஏறியபோது மில்லியன் கணக்கான ஏக்கர் திரும்ப ஏருக்குப் போனது. மிச்சத் தனியார் காணிகளில் பல குத்தகையில் பூட்டப்பட்டன. திறந்திருக்கும் கொஞ்ச இடத்தில் எல்லோரும் வந்து முட்டுகிறார்கள். முட்டுகிற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கோபப்படுகிறார்கள். குளத்தைத் தூர்த்தவன் அந்த இடத்திலேயே இல்லை.

நான் இந்தக் கதை எனக்கும் சொந்தம் என்று சொன்னது இதனால்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. மன்னாரில் இருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கினோம். புத்தளத்து மக்கள் எங்களுக்குச் சோறு தந்தார்கள், இருக்க இடம் தந்தார்கள். அதை மறந்தால் நாங்கள் மனிதரில்லை. ஆனால் நாள் போகப் போக அதே தண்ணீர்க் குழாயில் இரண்டு மடங்கு குடம், அதே வகுப்பில் இரண்டு மடங்கு பிள்ளைகள், அதே கூலி வேலைக்கு இரண்டு மடங்கு கைகள். ஒருநாள் குழாயடியில் ஒரு மனிசி எங்கட உம்மாவிடம், “வந்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். உம்மா தள்ளி நின்றா. கோபப்படவில்லை. “அவங்கட குழாய்தானே மகன்” என்றா. அன்றைக்கு எனக்கு அந்த மனிசி மேல்தான் ஆத்திரம். இன்றைக்கு யோசித்தால், அவரும் குடத்தை நிரப்ப முடியாமல் நின்றவர்தான். இரண்டாவது குழாய் ஒன்று ஏன் வரவில்லை என்று அன்றைக்கு நாங்கள் இரு பகுதியினரும் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் வேட்டைக்கு இந்தக் கோடு இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் யாலயில், 1900இல் உருவான ஒதுக்கிடத்தின் பக்கத்தில், ‘இலங்கையில் வசிக்கும் வேட்டைக்காரருக்கு’ என்றே ஒரு வேட்டை ஒதுக்கிடம் வைத்திருந்தார்கள். கப்பலில் வந்து போகும் வேட்டைக்காரனுக்கு அது இல்லை. ‘வசிப்பவர்’ என்றால் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும்தான். காட்டோரத்துக் கிராமத்தவன் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கோடு போனால் அவன் கள்ள வேட்டைக்காரன். 1938இல் யால தேசியப் பூங்கா ஆனது. வயோமிங்கில் நடந்ததற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

அதனால் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குளம் ஒன்று, துவக்கு நூறு என்றால் யாரோ நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பறவை நிற்காது. வடக்கு டகோட்டாக்காரன் தன் பிள்ளைக்கு ஒரு வாரம் கேட்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் ‘வெளியாள் தள்ளி நில்’ என்று எழுதிய பலகையை எங்கே பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்று என் மாணவருக்குச் சொல்வேன். ஊர்க்காரன் யார் என்று எழுதியது யார்? தடுக்கப்படுபவன் வந்தது வயிற்றுக்கா, விளையாட்டுக்கா? குளத்தைச் சுருக்கியது யார்?

இன்னொரு விஷயம். வடக்கு டகோட்டாவில் ஊர்க்காரருக்கு முதல் வாரம் ஒதுக்கி வைத்த அந்த பெசன்ட் பறவை இருக்கிறதே, அது அமெரிக்கப் பறவையே இல்லை. சீனாவில் இருந்து கொண்டுபோய் விட்டது. இப்போது பக்கத்துத் தெற்கு டகோட்டாவின் மாநிலப் பறவையே அதுதான்.

பிள்ளைக்குப் பதில் அனுப்பிவிட்டேன். அந்த வெள்ளைக்கார நண்பரிடம், இரண்டாவது வாரம் போகச் சொல்லும்படி சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரில் இப்படி ‘வந்தவங்க’, ‘ஊர்க்காரங்க’ கதை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். யாரையும் புண்படுத்தாமல் எழுதுங்கள், வாசிக்கிறேன்.